கறிக்கோழித் தீனியில் எண்ணெய்: சேலம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாழப்பாடி பக்கம் 3,000 கோழி பிடிக்கும் கொட்டகை வைத்திருக்கிறேன். கம்பெனி ஒப்பந்தத்தில் இல்லை. தீனியை நானே அரைத்துக் கலந்து போடுகிறேன். ஆத்தூர், தலைவாசல், ஓமலூர், ஏற்காட்டு மலைக் கிராமங்கள் என்று பல ஊர்க்காரர்கள் போனில் கூப்பிட்டுக் கேட்பதில் பாதி எண்ணெய் பற்றியதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தீனியில் எண்ணெய் எதற்கு? மக்காச்சோளமும் சோயாவும் போதாதா?

பிராய்லர் ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டிய பறவை. அதற்கு வேண்டிய எரிசக்தி அதிகம், இரைப்பையோ சின்னது. மக்காச்சோளம் ஒரு கிலோவில் கோழிக்குக் கிடைப்பது சுமார் 3,350 கிலோ கலோரி. சோயா எண்ணெய் ஒரு கிலோவில் சுமார் 8,800. இந்தியத் தர நிர்ணய அளவுப்படி பிராய்லர் தீனியில் கிலோவுக்கு ப்ரீ-ஸ்டார்ட்டரில் (முதல் வாரத் தீனி) 3,000, ஸ்டார்ட்டரில் (மூன்று வாரம் வரை) 3,100, ஃபினிஷரில் (அதன் பிறகு விற்கும் வரை) 3,200 கிலோ கலோரி இருக்க வேண்டும். புரதத்துக்காக சோயா புண்ணாக்கை 30 சதவீதம் போட்ட பிறகு, மீதி முழுக்க மக்காச்சோளமே போட்டாலும் 3,200-ஐத் தொட முடியாது. அந்தக் குறையை நிரப்பத்தான் எண்ணெய்.

அது மட்டுமில்லை. லினோலெயிக் என்ற கொழுப்பு அமிலத்தைக் கோழியின் உடம்பால் செய்துகொள்ள முடியாது, தீனியில்தான் வர வேண்டும். குறைந்தது ஒரு சதவீதம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் ஒட்டக் கொழுப்பு வேண்டும். தீனி தூசி பறக்காமல் இருக்கும். குடலில் தீனி மெதுவாக நகர்வதால் மற்ற சத்துகளும் கூடுதலாகச் செரிக்கும்.

மக்காச்சோளத்துக்குப் பதில் கிழங்கு மாவு போடுகிறோம். எண்ணெய் கூட்ட வேண்டுமா?

வேண்டும். இது நம் பகுதிக்கே உரிய கேள்வி. ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விலை விழுந்த வருஷங்களில், காயவைத்த கிழங்கு சிப்ஸையும் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் திப்பியையும் தீனியில் சேர்க்கிறார்கள். நன்றாகக் காய்ந்த கிழங்கை அளவோடு சேர்ப்பதில் தப்பில்லை. ஆனால் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 4 சதவீதம் எண்ணெய் இருக்கிறது, லினோலெயிக் அமிலத்தின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. கிழங்கில் கொழுப்பே இல்லை என்று சொல்லிவிடலாம், புரதமும் மிகக் குறைவு. மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கிழங்கைப் போட்டால் கோழிக்கு மூன்று பக்கமும் இழப்பு. சோயாவையும் எண்ணெயையும் சேர்த்தே கூட்டுங்கள். மாவு பவுடர் மாதிரி பறந்து மூக்கை அடைப்பதும் எண்ணெய் பட்டால் அடங்கும். திப்பியில் நார் அதிகம், அதை மாட்டுக்கே வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வயதில் எவ்வளவு?

முதல் வாரக் குஞ்சுக்குப் பித்தநீரும் கொழுப்பைச் செரிக்கும் நொதியும் சரியாகச் சுரக்காது. அந்த வாரம் 1 முதல் 2 சதவீதம் போதும், அதுவும் சோயா மாதிரி இளக்கமான எண்ணெயாக இருக்க வேண்டும். பாமாயில், மாட்டுக் கொழுப்பு போன்றவற்றைக் குஞ்சு சரியாகச் செரிக்காமல் எச்சத்தில் தள்ளிவிடும். ஸ்டார்ட்டரில் 2 முதல் 3, ஃபினிஷரில் 3 முதல் 5 சதவீதம். கையால் கலக்கும் மாஷ் (மாவு) தீனியில் 5-க்கு மேல் போனால் கட்டி கட்டியாக நிற்கும். பெல்லட் (அழுத்திய குச்சித் தீனி) அடிப்பவர்களுக்கு 3-க்கு மேல் போனாலே பெல்லட் உதிரும். அதனால்தான் பெரிய ஆலைகளில் மீதி எண்ணெயைப் பெல்லட் வந்த பிறகு மேலே தெளிக்கிறார்கள்.

50 கிலோ மூட்டைக்கு ஒரு சதவீதம் என்றால் 500 கிராம். இங்கே ஒரு கவனம்: எண்ணெய் ஒரு லிட்டர் ஒரு கிலோ இல்லை, சுமார் 920 கிராம்தான். லிட்டர் படியால் அளந்து கிலோ கணக்கு எழுதாதீர்கள், தராசில் வையுங்கள்.

கம்பெனி தீனி மூட்டையைப் பிரித்து, மேலே இரண்டு சதவீதம் எண்ணெய் ஊற்றினால் எடை கூடுமா?

அதிகம் வரும் கேள்வி இது. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 3,100 கிலோ கலோரியும் 22 சதவீதப் புரதமும் உள்ள ஸ்டார்ட்டர் 100 கிலோ எடுத்து 2 கிலோ எண்ணெய் ஊற்றுகிறீர்கள். இப்போது 102 கிலோ தீனி. எரிசக்தி கிலோவுக்கு 3,210 ஆகிவிட்டது, புரதம் 21.6-க்கு இறங்கிவிட்டது. கோழி பெரும்பாலும் எரிசக்திக்காகத்தான் தின்கிறது. அது நிரம்பியதும் தட்டை விட்டு நகர்ந்துவிடும். ஆக, தின்னும் அளவும் குறைகிறது, தின்னும் ஒவ்வொரு வாயிலும் புரதமும் குறைகிறது. லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள், தாது உப்பு, ரத்தக் கழிச்சலுக்காகக் கலந்திருக்கும் மருந்து எல்லாமே அதே விகிதத்தில் குறையும். கூடுதல் எரிசக்தி சதையாக மாற வழியில்லாமல் வயிற்றுக் கொழுப்பாகப் படியும். எடைபோடும்போது 50 கிராம் கூடியது மாதிரி தெரியும், உரிக்கும்போது கறிக்கடைக்காரர் மஞ்சள் கொழுப்பை வழித்து ஓரமாகப் போடுவார்.

ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்று. தீனி கம்பெனியுடையது. சூப்பர்வைசருக்குத் தெரியாமல் எதைச் சேர்த்தாலும், நாளை ஒரு பிரச்சினை வரும்போது பேச உங்களுக்கு வாய் இருக்காது.

எண்ணெயைச் சேர்க்க வேண்டுமென்றால் ஃபார்முலாவுக்குள் சேர்க்க வேண்டும். கொஞ்சம் மக்காச்சோளத்தைக் குறைத்து எண்ணெய், கூடவே கொஞ்சம் சோயாவைக் கூட்டி, அமினோ அமிலத்தைச் சரிபார்த்து. ஒரு கை குறைந்தால் தவிலும் தாளமாகாது.

எந்த எண்ணெய் நல்லது?

சோயா எண்ணெய்தான் முதல் தேர்வு. லினோலெயிக் பாதிக்கு மேல் இருக்கிறது, குஞ்சுக்கும் செரிக்கும். தவிட்டு எண்ணெயும் நல்லதுதான், ஆனால் சுத்திகரிக்காததில் மெழுகும் புளிப்பு அமிலமும் அதிகம்; வாங்கும்போது மூக்கையும் நாக்கையும் நம்புங்கள். பாமாயில் விலைக்கு ஏற்றது, சீக்கிரம் சிக்கு அடிக்காது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு மட்டும், சோயாவோடு பாதிப் பாதி. இரண்டையும் கலக்கும்போது பாமாயில் தனியாக இருப்பதைவிட நன்றாகச் செரிக்கிறது.

கடலை எண்ணெயும் சூரியகாந்தியும் கோழிக்கு நல்லவையே, பண்ணைக்குத்தான் கட்டுப்படியாகாது. சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெய், புங்க எண்ணெய், இலுப்பை எண்ணெய் எதையும் கொட்டகைப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

பஜ்ஜிக் கடை, சிப்ஸ் கடையில் மிஞ்சும் எண்ணெய் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

கிடைக்கும். வாங்காதீர்கள்.

திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பெராக்சைடும் (எண்ணெய் காற்றுபட்டுக் கெடும்போது உண்டாகும் பொருள்), அதைவிட மோசமான உடைந்த பொருட்களும் சேர்ந்திருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சமையல் எண்ணெய்க்கு ஒரு வரம்பு வைத்தது: மொத்த துருவப் பொருள் (காய்ந்து காய்ந்து எண்ணெய் உடைவதால் சேர்வது) 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது. அப்படிப்பட்ட எண்ணெய் பயோடீசலுக்குப் போக வேண்டும் என்று அதே வருஷம் தனித் திட்டமே தொடங்கினார்கள். மனிதன் தின்னக் கூடாது என்று ஒதுக்கியதைக் கோழிக்குக் கொடுத்து, அந்தக் கோழியை மனிதனுக்கே விற்பது எந்த நியாயம்?

தொழிற்சாலைக் கழிவு எண்ணெய் இன்னும் பயங்கரம். 1957-ல் அமெரிக்காவில் நச்சு கலந்த கொழுப்பைத் தீனியில் சேர்த்து லட்சக்கணக்கான கோழிகள் வயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் நீர் கோத்துச் செத்தன. 1999-ல் பெல்ஜியத்தில் தீனிக் கொழுப்பில் மின்மாற்றி எண்ணெய் வகை கலந்து, டயாக்சின் நச்சு முட்டையிலும் கறியிலும் ஏறியது. நாடு முழுக்கக் கடைகளிலிருந்து கோழியைத் திரும்ப எடுத்தார்கள். இரண்டிலும் தொடக்கம், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் தீனிக்குள் விட்ட கொழுப்பு.

எண்ணெய் கெட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கெட்டதைப் போட்டால் என்ன ஆகும்?

இரண்டாவது கேள்விக்கு என் கொட்டகையில் நடந்ததையே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு வியாபாரியிடம் மூன்று கேன் எண்ணெய் மலிவாக வாங்கினேன். லேசாகப் பழைய பெயின்ட் வாடை அடித்தது. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று கலந்துவிட்டேன்.

18-ம் நாள் காலை ப்ரூடர் (குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்பு) ஓரமாக ஒரு குஞ்சு மல்லாந்து கிடந்தது. இரண்டு கால்களும் சைக்கிள் மிதிப்பது மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. தலை முதுகுப் பக்கமாக வளைந்து, கண் திறந்தபடியே இருந்தது. நிமிர்த்தி விட்டேன், இரண்டு அடி பின்னாலேயே நடந்து மறுபடி விழுந்தது. மதியத்துக்குள் பதினைந்து குஞ்சு அப்படி. வெள்ளைக் கழிச்சல்தான் வந்துவிட்டது என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. கால்நடை மருத்துவர் வந்து இரண்டு குஞ்சுகளின் மண்டையைத் திறந்து காட்டினார். சிறுமூளை வீங்கி, மேலே ஊசியால் குத்தியது மாதிரி சிவப்புப் புள்ளிகள். "தீனியைக் காட்டுங்க" என்றார். கேன் மூடியைத் திறந்து மோந்து பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

கெட்ட எண்ணெயில் உள்ள பெராக்சைடு, தீனியில் இருக்கும் வைட்டமின் ஈ-யைத் தின்று தீர்த்துவிடுகிறது. வைட்டமின் ஈ இல்லாமல் போனால் முதலில் அடி வாங்குவது குஞ்சின் சிறுமூளை. தீனியை மாற்றி, தண்ணீரில் வைட்டமின் ஈ, செலினியம் கொடுத்தோம். லேசாகத் தள்ளாடியவை தேறின. விழுந்தவை எழவில்லை. அந்தப் பேட்சில் நாற்பதுக்கு மேல் போனது, மீதியும் எடை பிடிக்கவில்லை.

இப்போது நான் செய்வது: ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பேன். பெயின்ட், பழைய அக்ரூட், சோப்பு வாடை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். நாக்கு நுனியில் வைத்தால் தொண்டை கரகரக்கக் கூடாது. மொத்தமாக வாங்கும்போது பெராக்சைடு அளவும் தனிக் கொழுப்பு அமில அளவும் பரிசோதிக்கக் கொடுக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது, சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். புது எண்ணெயில் பெராக்சைடு அளவு 5-க்குக் கீழே இருக்கும். 10-ஐத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன்.

எப்படிக் கலப்பது, எப்படி வைத்துக்கொள்வது?

மக்காச்சோளம், சோயா, தாது உப்பு எல்லாம் காய்ந்தபடியே நன்றாகக் கலந்த பிறகு, கடைசியில் எண்ணெய். மொத்தமாகக் கொட்டாதீர்கள். ஐந்து கிலோ மாவில் எண்ணெயை முதலில் பிசறி, புட்டு மாவு பதத்துக்கு உதிர்த்து, அதை மிக்ஸரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கைப்பிடி அள்ளிப் பிடித்தால் லேசாகப் பிடித்து, விட்டால் உதிர வேண்டும். வைட்டமின் பொடியின் மேல் நேராக எண்ணெய் படக் கூடாது.

எண்ணெய் ஊற்றிய தீனியை வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். கேன் நிழலில், மூடி இறுக்கமாக. செம்புப் பாத்திரம், துருப்பிடித்த டிரம் இரண்டும் எண்ணெயை வேகமாகக் கெடுக்கும். பி.எச்.டி. (BHT) போன்ற சிக்குத் தடுப்பானை எண்ணெய் வந்த அன்றே சேர்த்தால்தான் பலன். கெட்ட பிறகு சேர்த்தால் கெட்டது நல்லதாகாது. பழைய கேனின் அடியில் தங்கிய கசடு மேல் புது எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம்.

சேலத்து வெயிலில் எண்ணெய் உதவுமா?

உதவும், இங்கேதான் அதன் அருமையே தெரியும். பங்குனி, சித்திரையில் கொட்டகைக்குள் 38 டிகிரி ஏறும்போது கோழி வாயைத் திறந்து இரைக்கும், தீனியைத் தொடாது. எந்தத் தீனி செரிக்கும்போதும் உடம்பில் சூடு உண்டாகும். புரதத்துக்கு அதிகம், மாவுச்சத்துக்கு அதைவிடக் குறைவு, கொழுப்புக்கு எல்லாவற்றையும்விடக் குறைவு. ஆகவே அதே எரிசக்தியை எண்ணெய் வழியாகக் கொடுத்தால் கோழி உள்ளே அவ்வளவு கொதிக்காது. குறைவாகத் தின்றாலும் வேண்டியது கிடைக்கும். கோடையில் ஃபினிஷரில் நான் 4 சதவீதம் வரை போகிறேன், கூடவே அமினோ அமிலமும் வைட்டமினும் கூட்டுவேன்.

ஆனால் பகல் 11 முதல் 4 வரை தட்டை உயர்த்திவிடுங்கள். அதிகாலையிலும் சாயங்காலமும் தின்னட்டும். கூரையில் தென்னங்கீற்றும் தெளிப்பானும், குளிர்ந்த தண்ணீரும் இல்லாமல் எண்ணெயை மட்டும் நம்பினால் மதியம் மூன்று மணிக்குக் கோழி செத்து விழும்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே அளவா?

மலையில் கணக்கு வேறு. 1,500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் கோழி உடம்பைச் சூடாக்கவே தீனியைச் செலவழிக்கும். அது தானாகவே கூடுதலாகத் தின்னும். அப்போது மக்காச்சோளம் தரும் சூடு நல்லதுதான். குளிருக்கு எண்ணெயை ஏற்ற வேண்டியதில்லை, ஃபினிஷரில் 2 முதல் 3 போதும். பணத்தை ப்ரூடருக்கும் பக்கத் திரைக்கும் செலவழியுங்கள்.

பாமாயிலும் தேங்காயெண்ணெயும் மலையில் காலையில் உறைந்து கிடக்கும். அப்படியே சுரண்டிப் போட்டால் ஒரு தட்டில் கட்டியாகவும் இன்னொரு தட்டில் வெறுமையாகவும் போகும். கேனை வெந்நீரில் வைத்து உருக்கிய பிறகே கலக்குங்கள். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். பனி ஈரத்தில் மூட்டை பூசணம் பிடிப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓம எண்ணெய், கிராம்பு எண்ணெய், பட்டை எண்ணெய் போட்டால் நோயே வராது என்கிறார்களே?

இவை எரிசக்திக்கான எண்ணெய் இல்லை, வாசனை எண்ணெய். டன்னுக்குக் கிராம் கணக்கில் போடுவது. ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு, ஆரிகானோவில் கார்வக்ரால். இவை பாக்டீரியாவின் மேல்தோலைக் குலைக்கின்றன. செரிமான நீரையும் கொஞ்சம் தூண்டுகின்றன. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் போடுவதை ஐரோப்பா 2006-ல் நிறுத்தியது. இந்தியாவும் 2019-ல் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதன் பிறகு இந்த எண்ணெய்கள் மீது எல்லாருக்கும் கவனம் திரும்பியது. திரும்பியது நல்லதுக்குத்தான்.

ஆனால் ஆய்வுகளில் பலன் ஒரே மாதிரி வருவதில்லை. சில இடங்களில் எடையும், தீனி எடையாக மாறும் விகிதமும் கொஞ்சம் நன்றாகின்றன, சில இடங்களில் ஒன்றுமில்லை. கொட்டகை சுத்தமாக, லிட்டர் (தரையில் பரப்பும் உமி, மரத்தூள்) காய்ந்து இருக்கும் இடத்தில் கோழி ஏற்கெனவே நன்றாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. வாங்குவதானால் பூச்சு போட்ட பொடி வடிவில் வாங்குங்கள். சும்மா எண்ணெய் ஆவியாகிப் போய்விடும், மீதியும் குடலுக்குப் போவதற்குள் தீரும். தண்ணீர்த் தொட்டியில் சொட்டு சொட்டாக விடும் பழக்கம் வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து குழாயில் படிந்து நிப்பிளை (கோழி தண்ணீர் குடிக்கும் முனை) அடைக்கும், பிசுபிசுப்பில் கிருமி வளரும்.

தேங்காயெண்ணெய்?

இதில் உள்ள லாரிக் அமிலம் குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்டிரிடியம் வகைக் கிருமிகளுக்கு எதிரானது. பித்தநீர் அதிகம் இல்லாமலே குஞ்சுக்குச் செரிக்கும் என்பது கூடுதல் நன்மை. ப்ரீ-ஸ்டார்ட்டரில் அரை முதல் ஒரு சதவீதம், மீதி சோயா. தேங்காயெண்ணெயை மட்டும் போட்டால் லினோலெயிக் பற்றாது. விலை ஏறியிருக்கும் நாட்களில் நான் போடுவதில்லை.

வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய், மீன் எண்ணெய்?

வேப்பெண்ணெய் கசப்பு. கோழி தீனியைக் குறைக்கும், எடை போகும். கொட்டகைச் சுவரில் பேன், செள்ளுக்கு அடிக்க வைத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் பேதிக்குக் கொடுப்பது, தீனியில் அதற்கு வேலையில்லை. மீன் எண்ணெயில் ஒமேகா-3 இருக்கிறது, எதிர்ப்பு சக்திக்கு நல்லது. ஆனால் சீக்கிரம் கெடும், ஒரு சதவீதத்துக்கு மேல் போனால் கறியில் மீன் வாடை வரும். விற்பதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஒமேகா-3 வேண்டுமென்றால் ஆளி விதை எண்ணெயும் உண்டு, அதுவும் சீக்கிரம் கெடும் ஜாதிதான்.

எண்ணெய் கொடுத்தால் தடுப்பூசியைத் தவிர்க்கலாமா?

கூடாது. வெள்ளைக் கழிச்சலும் கம்போரோவும் வைரஸ் நோய்கள். எந்த எண்ணெயும் அவற்றைத் தடுக்காது. முதல் வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பூசி, இரண்டாவது வாரம் கம்போரோ, பிறகு மறுபடி லசோட்டா என்று உங்கள் மருத்துவர் சொல்லும் அட்டவணையை நாள் தவறாமல் போடுங்கள். ரத்தக் கழிச்சலுக்கு முதல் மருந்து காய்ந்த லிட்டர். நிப்பிள் ஒழுகுவதைச் சரிசெய்யாமல் கிராம்பு எண்ணெய் வாங்கிப் பயனில்லை.

எல்லாம் சரி, எண்ணெய் போட்டால் கட்டுப்படியாகுமா?

நீங்களே போட்டுப் பாருங்கள். 1,000 கோழி, ஃபினிஷர் தலைக்கு 2 கிலோ. கூடுதலாக 2 சதவீதம் எண்ணெய் என்றால் 40 கிலோ. எண்ணெய் கிலோ 120, மக்காச்சோளம் 25, தீனி 38 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,800 ரூபாய் எண்ணெய், குறையும் மக்காச்சோளம் 1,000 ரூபாய். கூடுதல் செலவு 3,800, கோழிக்கு 3 ரூபாய் 80 பைசா. தீனியின் எரிசக்தி மூன்றரை சதவீதம் ஏறுகிறது, அதனால் கோழி சுமார் 70 கிராம் குறைவாகத் தின்னும்: 2 ரூபாய் 66 பைசா மிச்சம். தீனி மிச்சத்தை மட்டும் பார்த்தால் கோழிக்கு ஒரு ரூபாய்க்கு மேல் நட்டம். சோயா கூட்டும் செலவு தனி.

எரிசக்திக்கு மட்டும் என்றால், எண்ணெய் விலை மக்காச்சோளத்தின் விலையைப் போல் 2.6 மடங்குக்குள் இருந்தால்தான் லாபம். அப்படி அமைவது அபூர்வம். ஆகவே தேவையான எரிசக்தி அளவை எட்ட வேண்டிய எண்ணெயைக் கட்டாயம் போடுங்கள். அதற்கு மேல் போடுவது கோடையில் மட்டும், வெயிலில் நின்றுபோகும் வளர்ச்சியைக் காப்பாற்ற. ஐப்பசி மழையில் நான் 3 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குகிறேன். முதல் பேட்சிலேயே எண்ணெய் கலக்கலாமா?

முதல் இரண்டு பேட்ச் நல்ல கம்பெனியின் தீனியை வாங்கிப் போட்டு, தினமும் தீனி எடையும் கோழி எடையும் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் கொட்டகையை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் 200 கோழிக்கு மட்டும் உங்கள் கலவையைப் போட்டுப் பாருங்கள். வாராவாரம் இரு பக்கமும் பத்துப் பத்துக் கோழியைத் தராசில் வையுங்கள். நோட்டில் வித்தியாசம் தெரிந்த பிறகு கேன் கணக்கில் வாங்கலாம். அதுவும் அரை மாதத்துக்கு வேண்டியதை மட்டும்.